கடலைக்காட்டுக்கு ஒரு குரல் பெட்டி
(பண்ணை வானொலிப் பேச்சு)

கடலை காய் பிடிக்கும்போதும், மக்காச்சோளம் பால் கட்டும்போதும், காட்டோரக் கிராமங்களில் ஆம்பளைகள் யாரும் ராத்திரி வீட்டில் படுப்பதில்லை. பரண் மேலே ஒரு கட்டில், ஒரு டார்ச் லைட், ஒரு பழைய தகர டின், அதைத் தட்ட ஒரு குச்சி. தினைப்புனம் காத்த வள்ளி காலத்திலிருந்து இதுதான் முறை. வள்ளி பகலில் ஆலோலம் சொல்லிக் கிளியை ஓட்டினாள். நாம் ராத்திரியில் பன்றியை ஓட்டுகிறோம். ஆனால் தூக்கம் என்று ஒன்று இருக்கிறதே! பகலெல்லாம் வேலை செய்த உடம்பு. 2 மணிக்கு மேல் கண் சொருகத்தான் செய்யும். விடிந்து பார்த்தால் அரைக் குழி கடலை உழுது போட்ட மாதிரி கிடக்கும்.

இந்தத் தூக்கத்துக்குப் பயந்துதான் சில பேர் வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்டை இழுத்து விடுகிறார்கள். 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் அப்படிப்பட்ட ஒரு வேலியில் 3 யானைகள் அடிபட்டுச் செத்தன. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பின. பத்திரிகையில் படித்திருப்பீர்கள். யானை செத்தால் ஊருக்கே தெரிகிறது. ராத்திரி தண்ணீர் திருப்பப் போன பக்கத்துக் காட்டுக்காரர் அதே கம்பியில் கால் பட்டால், அவர் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? திருட்டுக் கரண்டு வேலி குற்றம். அதைப் பற்றி நான் மேலே பேசப் போவதில்லை. அதற்குப் பதிலாக வேறென்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பன்றி வரும்போது மட்டும் சத்தம் போடுகிற ஒரு பெட்டியை நாமே செய்து வைக்கலாம். இதற்கு ஆர்டுயினோ என்று ஒரு போர்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். இன்ஜினீயரிங், பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள், தெரியாதவர்கள் குறைவு. இத்தாலி நாட்டில் இவ்ரியா என்ற ஊரில் 2005-ஆம் வருஷம் ஒரு கல்லூரி ஆசிரியர்கள், மாணவர்கள் சேர்ந்து உண்டாக்கியது. அந்த ஊர் ஒலிவெட்டி டைப்ரைட்டர் செய்த ஊர். எலெக்ட்ரானிக்ஸ் படிக்காத பிள்ளைகளும் சுலபமாகக் கருவி செய்ய வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பேர் வைத்த கதை வேடிக்கை. அவர்கள் கூடுகிற மதுக்கடையின் பெயரையே போர்டுக்கும் வைத்துவிட்டார்கள். அந்தக் கடைக்குப் பெயர் வந்தது, ஆயிரம் வருஷத்துக்கு முன் இருந்த ஒரு ராஜா பெயரிலிருந்து. போர்டின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டதால், பல பேர் செய்து விற்கிறார்கள். அதனால் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது.

இதில் ஊனோ என்று ஒரு வகை, ஆர் 3 என்று கேட்டு வாங்குங்கள். நடுவில் உள்ள கறுப்புச் சில்லுதான் மூளை. விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் தடவை துடிக்கும். சுற்றிலும் ஒயர் சொருகுகிற துளைகள். அவற்றைக் கால் என்று சொல்வோம். எந்தக் காலில் எப்போது கரண்டு வர வேண்டும், எந்தக் காலில் என்ன வருகிறது என்று கவனிக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதி, ஒரு கேபிள் மூலம் உள்ளே ஏற்றிவிட்டால் போதும். கேபிளைக் கழற்றினாலும் மறக்காது. கரண்டு போய் வந்தாலும் மறக்காது.

சத்தம் எப்படி வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ரேடியோவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஸ்பீக்கருக்குள் ஒரு காகிதக் கூம்பு, அதன் அடியில் ஒரு கம்பிச் சுருள், சுற்றி ஒரு காந்தம். சுருளில் கரண்டு பாய்ந்தால் கூம்பு நகரும், நின்றால் திரும்பும். போர்டின் ஒரு காலில் 5 வோல்ட்டை விட்டு விட்டு, விநாடிக்கு 440 தடவை கொடுத்தால் கூம்பும் 440 தடவை ஆடும். காதுக்கு ஒரே சுருதியாகக் கேட்கும். எண்ணிக்கையைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். இதற்கு டோன் என்று ஒரே ஒரு கட்டளை போதும். பிள்ளைகள் முதல் நாளே சினிமாப் பாட்டு மெட்டு வாசித்துக் காட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கரை நேராகக் காலில் மாட்டிவிடாதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 5 வோல்ட் விட்டால் கணக்குப்படி 600 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போர்டின் ஒரு கால் தாங்குவது 20 மில்லி ஆம்பியர்தான், 40-க்கு மேல் போனால் சில்லு போய்விடும். 3 எச்.பி. மோட்டாருக்குப் போட வேண்டிய ஒயரில் நைட் லேம்ப் ஒயரைப் போட்ட கதை ஆகிவிடும். சோதனைக்கு மட்டும் 270 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நடுவில் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

இப்படி வருகிற சத்தம் பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற 'பீப் பீப்' மாதிரி இருக்கும். பன்றி அதற்கு மிரளுவது முதல் நாளோடு சரி. நாய் குரைப்பு, ஆள் அதட்டல், தகரம் தட்டுவது, இந்த மாதிரி நிஜக் குரல் வேண்டும். குரலைப் போர்டுக்குள்ளேயே வைக்க முடியாதா என்று கேட்பீங்க. கணக்குப் போட்டுப் பாருங்கள். குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு எண்ணாக எழுதி வைத்தால் டெலிபோன் தரத்தில் கேட்கும். ஊனோவின் சில்லில் 32,000 எண் சுமார் எழுத இடம் இருக்கிறது. 32,000-ஐ 8,000-ஆல் வகுத்தால் 4 விநாடி. "ஏய், யார்றா அங்க"ன்னு சொல்லி முடிப்பதற்குள் தீர்ந்துபோகும்.

அதனால் பாட்டுக்கென்று தனியாக ஒரு சின்னப் போர்டு வாங்க வேண்டும். டி.எஃப். பிளேயர் மினி என்று பேர். தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிது. செல்போனில் போடுகிற மெமரி கார்டு இதில் சொருகும், 32 ஜி.பி. வரை எடுக்கும். 3 வாட் ஸ்பீக்கரை ஓட்டுகிற பெருக்கியும் இதற்குள்ளேயே இருக்கிறது. சாதாரண எம்.பி.3 பதிவாக இருந்தால் 1 ஜி.பி.யில் 17 மணி நேரத்துக்குச் சத்தம் அடங்கும். ஊனோ "மூணாவது சத்தத்தைப் போடு" என்று சொல்லும், இது போடும். கங்காணியும் ஆளும் மாதிரி.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் பெட்டியை நான் செய்தபோது, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை நாய் குரைக்கும்படி எழுதி, கடலைக்காட்டின் நடுவில் ஒரு கம்பத்தில் கட்டினேன். மூணு ராத்திரி ஒரு பன்றியும் வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துக் காட்டு மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். நாலாம் நாள் வரப்போரம் கொஞ்சம் கிளறியிருந்தது. ஏழாம் நாள் காலையில் மாமா கூப்பிட்டார். "மாப்ளே, இங்க வந்து பாரு. உன் பொட்டி பன்னிக்குத் தாலாட்டுப் பாடியிருக்குது." போய்ப் பார்த்தால், கம்பத்தைச் சுற்றியே தோண்டித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. பெட்டி மட்டும் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் குரைத்துக்கொண்டிருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. நம் வீட்டு மாடு முதல் நாள் டிராக்டர் சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பத்தாம் நாள் அதே டிராக்டர் பக்கத்தில் படுத்து அசைபோடும். சத்தம் வருகிறது, ஆனால் அதற்குப் பின்னால் எதுவும் வருவதில்லை என்று தெரிந்துவிட்டால் எந்த ஜீவனும் பயப்படாது. கடையில் விற்கிற சத்தப் பெட்டிகள் பலவும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. காசு போட்டு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், முதல் வாரம் நன்றாக வேலை செய்தது என்பார்கள்.

அப்படியானால் வேண்டியது பெரிய சத்தம் இல்லை. எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று பெட்டிக்குத் தெரிய வேண்டும். மூளை உள்ள போர்டு வாங்குவதே இதற்காகத்தான். வெறுமனே சத்தம் போட என்றால் பழைய செல்போன் ஒன்று போதுமே!

யானை விஷயத்தில் இப்படி ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் காட்டோர விளைநிலங்களில் செய்து 2013-ல் வெளியிட்டது. யானை வருகிற தடத்தின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றை விட்டார்கள். யானை அதைத் தாண்டும்போது மட்டும் புலி உறுமல் அல்லது சிறுத்தை உறுமல் கேட்கும். இரண்டுக்கும் யானைகள் பின்வாங்கின. புலிக் குரலுக்குச் சத்தம் காட்டாமல் நழுவின. சிறுத்தைக் குரலுக்கோ பிளிறி, சண்டைக்கு நிற்பது போலக் கோபம் காட்டின. எந்தக் குரல் என்று பிரித்துப் பார்க்கிற அளவுக்கு அவை கெட்டி. இதைக் கேட்டுவிட்டு யாரும் யானைக்கு நம் பெட்டியை வைக்க வேண்டாம். மிரண்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்று நமக்குத் தெரியாது, ஊருக்குள்ளே வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? யானைத் தடம் உள்ள ஊரில் வனத்துறைக்காரரிடம் சொல்லிவிட்டு அவர்கள் சொல்கிறபடி நடங்கள். அந்த ஆராய்ச்சியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். மிருகம் வந்தால் சத்தம், வராவிட்டால் மௌனம்.

வந்ததைக் கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். பி.ஐ.ஆர். சென்சார் என்று கேளுங்கள். ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். பெரிய பணக்கார வீடுகளில் ஆள் நடந்தால் தானே லைட் எரிகிறதே, அதற்குள் இருப்பது இதுதான். உயிருள்ள உடம்பின் சூடு நகர்வதை இது பார்க்கும். ஆனால் 7 மீட்டர் தூரம்தான் எட்டும். ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 64 மீட்டர் வரும். அப்படியானால் காட்டு நடுவில் வைத்து என்ன பிரயோஜனம்? பன்றிக்கு என்று ஒரு தடம் இருக்கும், வேலியில் ஒரு சந்து இருக்கும், காலடி பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே வையுங்கள். தரையிலிருந்து 2 அடி உயரத்தில், தடத்தின் குறுக்கே பார்க்கிற மாதிரி. நேரே எதிர்கொண்டு வருவதைவிடக் குறுக்கே கடப்பதைத்தான் இது சுருக்காகப் பிடிக்கும்.

இந்தக் கண்ணுக்குச் சில குறைகள் உண்டு. மழைக்குப் பயந்து முன்னால் கண்ணாடி வைத்து மூடினால் கண் குருடாகிவிடும், சூடு கண்ணாடியைத் தாண்டாது. மேலே கூரை மாதிரி ஒரு தகடு வைத்தால் போதும். வெயிலில் காய்ந்த தகரம், காற்றில் ஆடும் செடி இவற்றைப் பார்த்தும் ஏமாறும். ஸ்விட்ச் போட்டவுடன் ஒரு நிமிஷம் நிலைகொள்ளாமல் உளறும், அந்த ஒரு நிமிஷத்தைக் கணக்கில் எடுக்காதே என்று போர்டுக்குச் சொல்லிவிட வேண்டும். நம் நாயும் கன்றும் குறுக்கே போனாலும் கூவத்தான் செய்யும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

இனி இணைப்பைச் சொல்கிறேன். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று. பிளஸ்ஸில் முதலில் 1 ஆம்பியர் ஃபியூஸ். அடுத்து 12-ஐ 5 வோல்ட்டாகக் குறைக்கிற பக் கன்வர்ட்டர். பேட்டரியை ஊனோவின் உருண்டைச் சாக்கெட்டில் நேரே சொருகினால் வேலை செய்யாதா என்றால், செய்யும். ஆனால் மீதி 7 வோல்ட்டையும் போர்டு சூடாக்கியே தீர்க்கும். ஸ்பீக்கர் இழுக்கிறபோது தொட்டுப் பார்த்தால் கை சுடும். கன்வர்ட்டரின் திருகைத் திருப்பி, மீட்டர் வைத்து, சரியாக 5 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகே போர்டில் கொடுங்கள். அந்த 5 வோல்ட் காலுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பிளஸ் மைனஸ் மாறினாலும், 12 வந்துவிட்டாலும் அவ்வளவுதான்.

அந்த 5 வோல்ட்டிலிருந்து ஊனோவுக்கு ஒன்று, பிளேயருக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று. மைனஸ் ஒயர் மூன்றுக்கும் ஒன்றாகச் சேர வேண்டும். இந்த மைனஸைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, "பெட்டி பேசவே இல்லைங்க" என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஊனோவின் 11-ஆம் காலிலிருந்து பிளேயரின் ஆர்.எக்ஸ். காலுக்கு, நடுவில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு. பிளேயரின் டி.எக்ஸ். காலிலிருந்து ஊனோவின் 10-ஆம் காலுக்கு நேரே. அந்த ரெசிஸ்டரை விட்டால் ஸ்பீக்கரில் ஓயாமல் ஒரு கொசு இரைச்சல் வரும். பிளேயரின் பிளஸ் மைனஸ் பக்கத்திலேயே 1,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்றைக் கட்டினால் குரல் உரக்க வரும்போது போர்டு திக்குமுக்காடாது. ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரும் பிளேயரிலிருந்து நேராகப் போக வேண்டும், இரண்டில் எதையும் மைனஸில் சேர்க்கக் கூடாது.

ஸ்பீக்கரை வெறுமனே தொங்கவிட்டால் சத்தம் ஈனஸ்வரமாக இருக்கும். கூம்பு முன்னால் தள்ளுகிற காற்றைப் பின்பக்கத்துக் காற்று வந்து தின்றுவிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், இல்லை, ஒரு பழைய மண் சட்டியில் வாய்க்குச் சரியாகப் பொருத்திப் பாருங்கள், அதே 3 வாட் வேறு ஆள் மாதிரிக் கத்தும். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மழையும் ஏறாது.

ராத்திரி மட்டும் வேலை செய்ய எல்.டி.ஆர். என்கிற சின்ன வில்லை ஒன்று. வெளிச்சத்தில் கரண்டை விடும், இருட்டில் தடுக்கும். இதை 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து ஊனோவின் ஏ-0 காலில் கொடுத்தால் 0 முதல் 1,023 வரை ஒரு எண்ணாகப் படித்துச் சொல்லும். பொழுது சாய்கிற நேரத்தில் உங்கள் காட்டில் என்ன எண் வருகிறது என்று பார்த்து, அதையே எல்லையாக எழுதுங்கள். அடுத்த ஊர்க்காரர் எண்ணை வாங்கிப் போடாதீர்கள்.

எழுதுகிற கட்டளைகளை வானொலியில் எழுத்து எழுத்தாக வாசிக்க முடியாது, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பன்றியைப் பார்த்தவர் நீங்கள், அவர்கள் இல்லை. இருட்டிவிட்டதா பார். கண் எதையாவது கண்டதா பார். கண்டால் உடனே கத்தாதே, சில விநாடி பொறு, அந்தச் சில விநாடியும் ஒவ்வொரு தடவையும் மாறட்டும். பிறகு இருக்கிற 12 சத்தத்தில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடு, ஆனால் போன தடவை போட்டதை எடுக்காதே. பிளேயரில் 0 முதல் 30 வரை சத்த அளவு உண்டு, அதையும் 22-க்கும் 30-க்கும் நடுவில் மாற்று. போட்டு முடித்தபின் 2 நிமிஷம் வாயை மூடிக்கொண்டிரு.

குருட்டாம்போக்கில் எடு என்றேனே, இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெஷின் போடுகிற பகடை நிஜப் பகடை இல்லை. உள்ளே ஒரு நீளமான வரிசை இருக்கிறது, ஸ்விட்ச் போட்டதும் அதன் முதல் எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கும். நாம் தினமும் சாயங்காலம் ஸ்விட்ச் போடுகிறோம். ஆக, தினமும் முதலில் 5-ஆவது சத்தம், அப்புறம் 2, அப்புறம் 9 என்று அதே வரிசைதான் வரும். என் இரண்டாவது பெட்டி இப்படித்தான் பாடம் ஒப்பித்தது. ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இதற்குப் பரிகாரம், முதல் பன்றி வந்த நேரத்தையே விதையாகக் கொடுப்பது. ஸ்விட்ச் போட்டதிலிருந்து எத்தனை மைக்ரோ விநாடி ஆயிற்று என்று போர்டு எண்ணிக்கொண்டே இருக்கும், ஒரு மைக்ரோ விநாடி என்பது ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்த பங்கு. கண் முதலில் கண்டபோது அந்த எண் என்னவோ, அங்கிருந்து வரிசை ஆரம்பிக்கட்டும். எந்தப் பன்றியும் இரண்டு நாள் ஒரே மைக்ரோ விநாடியில் வராது. பகடையை அதுவே உருட்டிவிட்டுப் போகிறது.

இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் 6 தடவைக்கு மேல் கண் கண்டால், பெட்டிக்கு அது பயப்படவில்லை என்று அர்த்தம். அப்போது பெட்டி கத்துவதை நிறுத்திவிட்டுக் குடிசையில் உள்ள மணியை அடிக்க வேண்டும். 12 வோல்ட் பஸ்ஸர் ஒன்றைக் குடிசையில் வைத்து, மணி ஒயர் இழுத்து, இந்தப் பக்கம் பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்றின் வழியாக ஓட்டலாம். டிரான்சிஸ்டருக்கும் போர்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம். மணி அடித்தால் நீங்கள் டார்ச்சும் நாயுமாக எழுந்து போய்த் தகரத்தைத் தட்டுங்கள். "அப்போ பொட்டி எதுக்குங்க"ன்னு கேப்பீங்க. சத்தத்துக்குப் பின்னால் சில நாளாவது நிஜ ஆள் வந்தால்தான் பன்றிக்கு அந்தச் சத்தத்தில் மரியாதை இருக்கும். இப்போது நான் படுத்துத் தூங்குகிறேன், மணி அடித்தால்தான் எழுந்திருக்கிறேன். முழு ராத்திரி கண்விழித்த காலத்தை நினைத்தால் எனக்கு இதுவே பெரிய விஷயம்.

சத்தங்களைச் செல்போனிலேயே பதிவு செய்யலாம். உங்கள் ஊர் நாய் குரைப்பது, நாலு பேர் சேர்ந்து அதட்டுவது, தகர டின், பட்டாசு, நீங்களே பரணிலிருந்து போடுகிற கூக்குரல். வேறு நாட்டுச் சிங்கம் கர்ஜிப்பதை எடுத்துப் போடுகிறார்கள், நம் பன்றி சிங்கத்தை எங்கே கண்டது? தன்னைத் துரத்தின நாயின் குரல்தான் அதற்குத் தெரியும். சில செல்போன்கள் எம்.பி.3-ஆகப் பதியாது, கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். கார்டில் எம்.பி.3 என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து, 0001, 0002 என்று நாலு இலக்கத்தில் பெயர் வையுங்கள். பெயரை இஷ்டத்துக்கு வைத்தால் நாய் கேட்ட இடத்தில் பட்டாசு வெடிக்கும்.

பேட்டரி எத்தனை நாள் வரும்? சும்மா காத்திருக்கும்போது ஊனோ, பிளேயர், சென்சார் எல்லாம் சேர்ந்து 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சுமார் 40 மில்லி ஆம்பியர் எடுக்கும். 12 மணி நேரத்துக்கு அரை ஆம்பியர் மணி. பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 3½ ஆம்பியர் மணிதான் நம் கையில். ஒரு வாரம் தாராளமாக ஓடும், அடிக்கடி கத்தினால் ஒன்றிரண்டு நாள் குறையும். 10 வாட் சோலார் தகடும் அதற்குரிய சார்ஜ் கன்ட்ரோலரும் வைத்துவிட்டால் தூக்கிச் சுமக்கிற வேலை இல்லை. செலவில் பெரும் பங்கு பேட்டரிக்கும் தகட்டுக்கும்தான், போர்டுகளுக்கு இல்லை. எறும்பு இந்தப் பெட்டிக்குள் கூடு கட்டப் பார்க்கும். கம்பத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கிரீஸ் தடவி வையுங்கள்.

திருவிழாக் குழாய் ஸ்பீக்கரை மாட்டினால் இன்னும் நன்றாகக் கேட்குமே என்று ஆசை வரும். வேண்டாம். 2000-ஆம் வருஷத்துச் சத்த விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கத் தடை இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஊரில் கைக்குழந்தைக்காரி இருப்பாள், நோயாளி இருப்பார், உங்கள் பன்றிக்காக அவர்கள் ஏன் விழிக்க வேண்டும்? தடத்துக்கு 5 மீட்டரில் வைத்த 3 வாட்டே பன்றிக்குப் போதும். பெட்டி வைப்பதற்கு முன் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் பெட்டி முதல் தடவை "யார்றா அங்க"ன்னு கேட்டபோது, தண்ணி கட்டப் போன மாமா மம்பட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

மயிலுக்கும் குருவிக்கும் இந்தக் கண் உதவாது. குருவியின் சூடு அதற்குத் தெரியாது. பகலில் குருட்டாம்போக்கு நேரத்தில் கத்தச் சொல்லலாம், ஆனால் அது என் முதல் பெட்டி மாதிரித்தான் முடியும். குருவிக்குக் கவண் பிடித்த பையன்தான் இன்றைக்கும் நல்லது. மயிலுக்குக் கல்லும் ஆகாது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, கையைத் தட்டி ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

15 நாளுக்கு ஒரு தடவை கார்டை எடுத்து நாலு சத்தத்தை மாற்றுங்கள், பெட்டியையும் அடுத்த தடத்துக்கு நகர்த்துங்கள். கடலை பிடுங்கி முடிந்ததும் பெட்டியை அப்படியே களத்தில் போட்டுவிடாமல், பேட்டரியைக் கழற்றி முழுக்கச் சார்ஜ் செய்து வீட்டில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி சார்ஜ் போடுங்கள். காலியாகக் கிடந்தால் அடுத்த பட்டத்துக்கு அது எழுந்திருக்காது.